பதினெட்டுப் புள்ளி இரண்டு

புரட்டாசி. வெயில் பாதி, மேகம் பாதி.
பாமணி ஆற்றுக்கு இந்தப் பக்கம்
கொள்முதல் நிலையத்துக் களத்தில்
பதினாலு குவியல் குறுவை நெல்
முறை வரக் காத்துக் கிடக்கிறது.
கூடவே காத்துக் கிடப்பவர்களுக்கு
நெல்லைப் பற்றிப் பேச மூன்றாம் நாளே சலித்துவிட்டது.
பூபேஷைப் பற்றிப் பேசுகிறார்கள்.

தை பிறந்தால்தான் ஆட்டம்.
கோடு போடுகிற திடலில் இப்போது
முழங்கால் உயரக் கோரையும்
அதற்குள் நாலு வாத்தும்.
அதனாலென்ன,
"கரூர்க்காரன் ரெண்டு லட்சம் பேசிட்டான்.
பஸ்ஸுக்குக் கூடு கட்டுற கம்பெனி.
ரூமு, சாப்பாடு, மெத்தை விரிச்ச மைதானம்."
பேரம் முடித்து இப்போதுதான் கரூர் பஸ்ஸை விட்டு இறங்கியவர்போல்
துண்டை உதறுகிறார் பக்கிரிசாமி.

"மெத்தையில பய வழுக்கிருவான்.
மண்ணுலயே ஊனிப் பழகுன காலு."
"மூணாவது ரைடுன்னா அவனுக்கு முதுகு வேர்க்குது,
நான் பக்கத்துல நின்னு பாத்தவன்.
போனா போறான்.
அந்தக் காசுக்கு ஒரத்தநாட்டுலேர்ந்து
ரெண்டு கார்னரு எடுத்தாறலாம்."
"எந்தக் காசு?
நாம அவனுக்குக் குடுத்தது
ஒரு அண்டா, ஒரு கிடா.
அதுலயும் கிடாவ நாமதான் தின்னோம்."

ரெத்தினவேல் தன் குவியலின் ஓரத்தில்
குதிகாலால் நடுக்கோடு இழுக்கிறான்.
செங்கல் துண்டுகள் ஏழு பொறுக்கி
ஒவ்வொன்றாய் வைக்கிறான், பேர் சொல்லி.
ஆறு வைத்தாயிற்று.
ஏழாவது கையிலேயே இருக்கிறது.

நான் பட்டியல் எழுத்தர்.
போன சம்பாவுக்கு வலங்கைமான்,
அதற்கு முன்னே தலைஞாயிறு,
பருவத்துக்கு ஓர் ஊர்.
என்னை மாற்றியது சரியா தப்பா என்று
எந்தக் களத்திலும் எவரும்
தொண்டை கிழியக் கத்தியதில்லை.
கத்தினால் எப்படியிருக்கும் என்று
மூட்டை எண்ணுகையில் நினைத்துப் பார்த்தேன்.
எண்ணிக்கை விட்டுப் போயிற்று. மறுபடி ஒன்றிலிருந்து.

சொல்லாமல் இறங்கியது மழை.
"கார்னரப் பிடி, கார்னரப் பிடி!"
போகட்டும் என்றவனும் கூடாது என்றவனும்
ஒரே தார்ப்பாயை
இரண்டு பக்கமும் இழுத்துக்கொண்டு ஓடுகிறார்கள்,
மூச்சு வாங்க, சேறு தெறிக்க.
பக்கிரிசாமி மல்லாக்க விழுந்தார்.
விழுந்த இடத்திலிருந்தே
"ரெண்டு லட்சம்டா!" என்றார்.

அப்போதுதான் அஞ்சம்மாள்
கொட்டகைக்குள் ஒதுங்கினாள்.
பதினொன்றாவது குவியல் அவளுடையது.
மூன்று நாளாய் அதன் பின்னால் உட்கார்ந்து
எல்லாப் பேச்சையும் கேட்டுக்கொண்டு
பதர் பொறுக்கிக்கொண்டிருந்தவள்.
வங்கிப் புத்தகத்தை முந்தானையில் துடைத்து நீட்டி,
மழைச் சத்தத்துக்கு அடியில், எனக்கு மட்டும்:
"பணம் எப்ப சார் ஏறும்?
தம்பிக்கு முட்டியில சவ்வு போயிருச்சு.
தஞ்சாவூர்ல ஆப்ரேசன்னு சொல்றாங்க.
இனிமே குந்தி எந்திரிக்கவே நாளாவுமாம்."
பிறகு களத்தைப் பார்த்து,
"இவுங்ககிட்ட சொல்லிறாதீங்க.
பாவம், பேசட்டும்."

கணக்கு எண்ணைக் குறித்துக்கொண்டேன்.
ஒன்பது என் கையெழுத்தில் ஏழு மாதிரி விழுந்தது.
அடித்துத் திருத்தினேன்.

மழை நின்றது. தார்ப்பாய் விலகியது.
கோடு அழிந்த இடத்தில்
ரெத்தினவேல் மறுபடி கோடு இழுத்தான்.
இப்போது மூன்று லட்சம் என்றார்கள்.
ஒரு பைக்கும் சேர்ந்திருந்தது.

மீட்டரை எடுத்துக்கொண்டு அவன் குவியலுக்குப் போனேன்.
ஒரு கை நெல்லை அள்ளிக் கிண்ணத்தில் போட்டு
மூடியைத் திருகுகையில்
எல்லோரும் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள்.
"சார், நீங்க வெளியூரு. நீங்க சொல்லுங்க.
பூபேஷ் போவானா, மாட்டானா?"

அந்தப் பதினொன்றாவது குவியலின் பின்னே
பதர் பொறுக்கும் கை ஒரு நொடி நின்றது.

"பதினெட்டுப் புள்ளி ரெண்டு" என்றேன்.
"பதினேழுக்கு மேல எடுக்க மாட்டோம்.
இன்னும் காயட்டும்."